சாலை விபத்தும் நஷ்ட ஈடும்: கொழுந்து பறிக்கும் கையை முன்வைத்து ஒரு பாடம்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு – ஓவேலி)



பிரேக் டிரம் சூடேறினால் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும். ஆகவே மலைப்பாதையில் எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். இது நம் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த ஐந்து மார்க் கேள்வி. ஆனால் பெடல் தரையைத் தொட்ட பிறகு எதிரே வந்தவருக்கு என்ன ஆகிறது? அவருக்குப் பணம் கொடுப்பது யார், எவ்வளவு, எந்தக் கணக்கில்? இதற்கு நம் சிலபஸில் ஒரு வரிகூடக் கிடையாது. சில மாதங்களாக நான் இதைப் படித்து வருகிறேன். மலரில் எழுத இடம் கொடுத்ததால், படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

படிக்க வேண்டி வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் மட்டும்தான். அதனால் வீட்டுக்கு எந்தப் பேப்பர் வந்தாலும், "இந்தா, இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு" என்று என் கைக்குத்தான் வரும். ரேஷன் கார்டு, பேங்க் நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அப்படித்தான். அப்படி ஒருநாள் வந்தது சித்தியின் விபத்துக் கேஸ் பேப்பர்.

எங்கள் ஊரும் ஜீப்பும்

ஓவேலியைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூடலூர் தாலுகாவில் எல்லமலை, பெரியசோலை, நியூஹோப் என்று தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் ஊர்கள் சேர்ந்ததுதான் ஓவேலிப் பேரூராட்சி. பஸ் உண்டு, ஆனால் நாம் போக வேண்டிய நேரத்துக்கு இருக்காது. ஆகவே பிரசவமானாலும் துக்கமானாலும் ஜீப்தான். ஜீப் இல்லையென்றால் பிக்கப் வண்டியின் பின்னால் நின்றுகொண்டு போவோம். கூடலூரோ மூன்று மாநிலம் சந்திக்கும் இடம். கேரள வண்டி, கர்நாடக வண்டி, சமவெளியிலிருந்து வரும் டூரிஸ்ட் கார் என எல்லாமே எங்கள் வளைவுகளில்தான் திரும்புகின்றன. சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவதும் உண்டு.

மலைப்பாதை எப்படிப்பட்டது என்பதற்குக் கல்லட்டி ஒன்றே போதும். 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதையில் 2018 அக்டோபர் தொடக்கத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு கார் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஏழு பேரில் ஐந்து பேர் இறந்திருந்தார்கள். அதன் பிறகுதான் வெளியூர் வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடு வந்தது.

சட்டம் வந்த கதை, சுருக்கமாக

வண்டி வைத்திருப்பவர் மற்றவர்களுக்காக இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்பதை 1939ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் சொன்னது. அது 1946 ஜூலையில்தான் அமலுக்கு வந்தது. விபத்து வழக்குகளுக்கென்று தனித் தீர்ப்பாயம் 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. அதற்கு முன் சாதாரண சிவில் கோர்ட்டில் கட்டணம் கட்டி வழக்குப் போட வேண்டும். யாரால் முடியும்? இப்போது இருப்பது 1988ஆம் வருடச் சட்டம். 2019இல் அதில் பெரிய திருத்தம் செய்தார்கள். நஷ்ட ஈடு சம்பந்தப்பட்ட பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு பேசுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தத் தேதியைச் சொல்கிறேன்.

கேட்கும் வழி இரண்டு. ஒன்று 164ஆம் பிரிவு. யார் மேல் தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை. இறந்தால் ரூ.5 லட்சம், கொடுங்காயம் என்றால் ரூ.2.5 லட்சம், அவ்வளவுதான். எலும்பு முறிந்தாலே சட்டத்தின் கண்ணில் அது கொடுங்காயம் என்பதை நினைவில் வையுங்கள். மற்றொன்று 166ஆம் பிரிவு. இதில் எதிர் வண்டியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும், ஆனால் தொகைக்கு வரம்பு கிடையாது. கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. 'இப்படித்தான் நடந்திருக்கும்' என்று நம்புவதற்குப் போதுமான சாட்சி இருந்தால் போதும். இரண்டு வழியிலும் பணம் வாங்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மோதிய வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால் அதற்குத் தனித் திட்டம் இருக்கிறது. இறப்புக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000.

எந்த வண்டி, எந்த பாலிசி

எங்கள் ஊர்க்காரர்கள் ஏமாறும் முதல் இடம் இதுதான். "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று ஜீப்காரர் சொன்னால் உள்ளே இருக்கிற எல்லோருக்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மை அப்படியல்ல.

குறைந்தபட்ச பாலிசி ஒன்று உண்டு. 'தேர்ட் பார்ட்டி' என்பார்கள். அது ரோட்டில் போகிறவருக்கும் எதிர் வண்டியில் இருப்பவருக்கும்தான். சொந்தக் காரில் ஓசியில் கூட வருகிற சொந்தக்காரருக்கு அது கிடையாது. அவருக்கும் கிடைக்க வேண்டுமென்றால் முழு பாலிசி எடுத்திருக்க வேண்டும். பிக்கப், லாரி போன்ற சரக்கு வண்டியின் பின்னால் ஏறிப் போகிறவர் நிலைமை இன்னும் மோசம். சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ என்றால் சட்டம் ஏற்றுக்கொள்ளும். சும்மா ஏறிப் போகும் ஆளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த பிக்கப் தானாகக் கவிழ்ந்தால் கேட்க வேண்டியது வண்டிக்காரரைத்தான். அவரிடம் அந்த பிக்கப்பையும் இரண்டு மாட்டையும் தவிர என்ன இருக்கும்?

ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நாம் ஏறிய வண்டியின் மேல் தப்பில்லை, எதிரே வந்த கார்தான் இடித்தது என்றால் நாம் அந்தக் காருக்கு 'மூன்றாம் நபர்'. அப்போது நாம் உட்கார்ந்திருந்த ஜீப்புக்குப் பெர்மிட் உண்டா, பாலிசி எந்த வகை என்கிற கேள்வி நம் உரிமையைத் தடுக்காது. இரண்டு டிரைவர் மேலும் தப்பு என்றாலும் பயணிக்கு அதில் பங்கில்லை. முழுத் தொகையையும் இரண்டு தரப்பில் யாரிடமிருந்து வேண்டுமானாலும் வசூலிக்கலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஜீப்பில் ஆள் அதிகம், ஜீப்காரர் மேலேயும் பாதித் தப்பு, அதனால் உனக்குப் பாதிதான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எதிர் டிரைவருக்கு சரியான லைசென்ஸ் இல்லையென்றால்? "அப்போ பணம் வராது" என்பது ஊரில் பரவியிருக்கும் பேச்சு. பொதுவாக அப்படி இல்லை. 2004இல் வந்த தீர்ப்பின்படி கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லலாம்.

பைக் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்களே வழுக்கி விழுந்தால் தேர்ட் பார்ட்டி பாலிசி உங்களுக்கு ஒரு பைசா தராது. அதற்குத்தான் உரிமையாளர்–ஓட்டுநர் விபத்துக் காப்பு என்று ஒன்று இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பைத் தொடர்ந்து 2018 செப்டம்பரில் அதை ரூ.15 லட்சமாக உயர்த்தினார்கள். அதற்கு முன் பைக்குக்கு ஒரு லட்சமே இருந்தது. வண்டி உங்கள் பெயரில் இருக்க வேண்டும், லைசென்ஸும் இருக்க வேண்டும். அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றுகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

காயத்தை அளப்பது யார்?

இனிதான் முக்கியமான பாடம். ஒரு கை உடைந்தால் அதற்கு என்ன தொகை? கைக்கு இவ்வளவு, காலுக்கு இவ்வளவு என்று ஒரு விலைப்பட்டியல் இருப்பதாகத்தான் நானும் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். 166ஆம் பிரிவில் அப்படி ஒன்று இல்லை. நீதிமன்றம் பார்ப்பது காயத்தை மட்டும் அல்ல. அந்தக் காயத்தால் அந்த ஆள் தன் வேலையை எவ்வளவு இழந்தார் என்பதைத்தான் பார்க்கிறது.

ராஜ்குமார் வழக்கு என்று ஒன்று உண்டு, 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊனத்தை அளப்பதற்கு இன்றும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அதில் சொன்ன உதாரணம் நமக்கு நன்றாகப் புரியும். ஒருவருக்கு இடது கை துண்டாகிவிட்டது, டாக்டர் கணக்கில் ஊனம் சுமார் 60 சதவீதம். அவர் டிரைவரோ தச்சரோ என்றால் பிழைப்பில் இழப்பு ஏறக்குறைய 100 சதவீதம். அவரே அரசு அலுவலக கிளார்க் என்றால் வேலையே போகாமல் இருக்கலாம். கை ஒன்றுதான், இழப்பு வேறு வேறு.

அதே தீர்ப்பு எச்சரிக்கையும் சொல்கிறது. ஒரு காலில் 45 சதவீத ஊனம் என்றால் அது முழு உடம்புக்கும் 45 சதவீதம் ஆகாது. சிகிச்சையே பார்க்காத டாக்டர் தாராளமாக எழுதிக் கொடுக்கும் சர்டிபிகேட்டை அப்படியே ஏற்கக் கூடாது. தேவைப்பட்டால் தீர்ப்பாயம் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பலாம். ஆக, நிற்க வேண்டிய படி மூன்று. முதலில் உறுப்பின் ஊனம், அடுத்து முழு உடம்பின் ஊனம், கடைசியில் உழைக்கும் சக்தியின் இழப்பு. கம்பெனிக்காரர்கள் இரண்டாவது படியிலேயே நின்றுவிடப் பார்ப்பார்கள். நாம்தான் மூன்றாவது படிக்குக் கொண்டுபோக வேண்டும்.

2014இல் கர்நாடகத்துக் காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கு வந்தது. வலது காலை இழந்தவர். உட்கார்ந்துகூட வியாபாரம் செய்யலாமே என்பது போல ஊனத்தைக் குறைத்துத்தான் கீழே கணக்குப் போட்டிருந்தார்கள். காய்கறி விற்பவர் அங்கும் இங்கும் நடந்தால்தான் பிழைப்பு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் இழப்பை 85 சதவீதம் என்று வைத்தது. வருமானத்துக்கு அவரிடம் சீட்டு ஒன்றும் இல்லை. அவரைப் போன்றவரிடம் சீட்டை எதிர்பார்ப்பதே சரியல்ல என்று மாதம் ரூ.6,500 வைத்தார்கள். 2020இல் இன்னொரு வழக்கு, கிட்டத்தட்ட நம் வயதுக்காரர், 20 வயது. டேட்டா என்ட்ரி வேலை பார்த்தவர், வலது கையை இழந்தார். 45 சதவீதம் என்று குறைத்திருந்ததை உச்ச நீதிமன்றம் 65 சதவீதமாக உயர்த்தியது. காயமடைந்து உயிரோடிருப்பவருக்கும் எதிர்கால வருமான உயர்வைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

கணக்கு

சூத்திரம் நம் பாடத்தில் வருவதைவிட எளிது. மாத வருமானத்தோடு எதிர்கால உயர்வைக் கூட்டி, 12ஆல் பெருக்கி, வயதுக்குரிய 'பெருக்கி'யால் மறுபடி பெருக்கி, உழைப்புச் சக்தியில் எத்தனை சதவீதம் போனதோ அதை எடுக்க வேண்டும். பெருக்கியை 2009இல் சரளா வர்மா வழக்கில் நிர்ணயித்தார்கள். 25 வயது வரை 18, 36 முதல் 40 வரை 15, 41 முதல் 45 வரை 14, இப்படி வயது ஏற ஏற இறங்கி, 60ஐ ஒட்டி 9 ஆகும். எதிர்கால உயர்வை 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் முடிவு செய்தார்கள். நிரந்தர வேலை இல்லாதவருக்கு 40 வயதுக்குக் கீழ் 40 சதவீதம், 40 முதல் 50 வரை 25 சதவீதம், 50 முதல் 60 வரை 10 சதவீதம்.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். வயது 38, மாதம் ரூ.9,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 சதவீதம் கூட்டினால் 12,600. வருடத்துக்கு 1,51,200. 15ஆல் பெருக்கினால் 22,68,000. இழப்பு 10 சதவீதம் என்றால் ரூ.2,26,800. 30 சதவீதம் என்றால் ரூ.6,80,400. 50 சதவீதம் என்றால் ரூ.11,34,000. அதே கை, அதே எக்ஸ்ரே. சதவீதத்தை எந்தப் படியில் நின்று எடுக்கிறோம் என்பதில்தான் இத்தனை வித்தியாசம்.

வயதையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதே ஆளுக்கு 38க்குப் பதில் 41 என்று எழுதியிருந்தால் 22,68,000 என்பது 18,90,000 ஆகிவிடும். எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்குப் பிறந்த தேதி யாரோ குத்துமதிப்பாகப் போட்டதுதான். ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் எங்கள் லைனில் மட்டும் எத்தனை பேர்! ஆதார் கார்டு பிறந்த தேதிக்கு ஆதாரமல்ல, பள்ளிச் சான்றிதழைத்தான் எடுக்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. இரண்டு வகுப்புதான் படித்தார் என்றாலும் அந்தப் பள்ளிக்கூடத்து ரிக்கார்டைத் தேடி எடுப்பது வீண் வேலை அல்ல.

இது தவிர ஆஸ்பத்திரிச் செலவு, படுத்திருந்த மாதங்களின் சம்பளம், கூட இருந்து பார்த்துக்கொண்டவரின் செலவு, போக்குவரத்து, வலி வேதனைக்கு, வாழ்க்கை வசதி இழந்ததற்கு என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் பெரும்பாலும் விட்டதுதான். ஓவேலியிலிருந்து ஊட்டிக்கும் கோவைக்கும் போய்வந்த ஜீப் வாடகைக்கு யாரும் பில் தருவதில்லை. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி ஜீப்காரரிடம் கையெழுத்து வாங்கி வைத்தால் ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

சித்தியின் கை

அம்மாவின் தங்கை ஒரு தனியார் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். ஒரு துக்க வீட்டுக்காக ஊட்டிக்குப் போகும்போது, நடுவட்டத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில், மேலேயிருந்து வேகமாக இறங்கிய கார் ஜீப்பின் பக்கவாட்டில் இடித்தது. சித்திக்கு வலது மணிக்கட்டில் முறிவு. மாவுக்கட்டு, பிறகு தகடு வைத்து ஆபரேஷன். எலும்பு கூடிவிட்டது. ஆனால் மணிக்கட்டு திரும்பாது, விரலை இறுக்கிப் பிடித்தால் வலி.

கார்க்காரர் பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னார். மோட்டார் வாகன ஆய்வாளர் ரிப்போர்ட்டில் இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை என்று இருந்தது. அந்த ஒரு வரியின் அர்த்தம் நம் பிரிவு மாணவருக்கு உடனே புரியும். சூடேறி பிடிப்பு போன பிரேக், ஆறிய பிறகு சோதித்தால் நன்றாகத்தான் வேலை செய்யும். ஆக, கோளாறு வண்டியில் இல்லை, இறக்கிய முறையில்தான் இருந்திருக்க வேண்டும். வக்கீலிடம் இதைச் சொன்னேன். "இதைக் குறுக்கு விசாரணையில கேக்கலாம்" என்று குறித்துக்கொண்டார். டிப்ளமோ படிப்பு வீட்டுக்கு உபயோகப்பட்ட முதல் நாள் அது.

கம்பெனி தரப்பில் சொன்னது இதுதான்: வலது கையில் 30 சதவீதம் என்றால் முழு உடம்புக்கு 10 சதவீதம்தான், அந்த அம்மா இன்றும் வேலைக்குப் போகிறார், ஆகவே பெரிய இழப்பு இல்லை. கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. வேலைக்குப் போகிறார் என்பது உண்மைதான். போகாவிட்டால் அடுப்பு எரியாது. சித்தியும், "கை இருக்குல்ல, அது போதும்டா, கோர்ட்டு கேஸுன்னு எதுக்கு அலையணும்" என்றார்.

ஆனால் கொழுந்து பறிப்பது ஒற்றைக் கை வேலை அல்ல. இரண்டு கையும் ஒரே தாளத்தில் ஓட வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் அந்தத் திருப்பம் முழுக்க மணிக்கட்டில் இருக்கிறது. நிறை நிறையாகச் செரிவில் ஏறி இறங்கி முதுகில் சுமக்கவும் வேண்டும். கத்தரி போட்டு வெட்டும் தோட்டத்தில் இன்னும் கஷ்டம், கத்தரியின் கனம் மணிக்கட்டில்தான் இறங்கும். கோட்டில் கையெழுத்துப் போடும் ஒருவருக்கு 10 சதவீதமாக இருக்கும் ஊனம், கொழுந்து மலையில் என்னவாகும்?

இதை நிரூபிக்க சாட்சியே வேண்டாம், தோட்டத்திலேயே கணக்கு இருக்கிறது என்பதை அப்பாதான் சொன்னார். அவர் மருந்தடிக்கும் வேலை செய்கிறவர், எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் தோட்டத்துக் கணக்கு முழுக்கத் தெரியும். தினமும் கொழுந்தை நிறுத்து ஒவ்வொருவர் பெயரிலும் கிலோவை எழுதுகிறார்கள். செக்ரோலில் எத்தனை நாள் வேலை என்று ஏறுகிறது. குறிப்பிட்ட கிலோவுக்கு மேல் பறித்தால் தனிக்காசு. சித்தி விபத்துக்கு முன்னால் நாளுக்கு இருபத்தைந்து, முப்பது கிலோ பறித்தவர். பிறகு நல்ல கொழுந்துக் காலத்திலும் பதினைந்தைத் தாண்டவில்லை. தனிக்காசு ஒரு மாதம்கூட வரவில்லை. விபத்துக்கு முந்திய பன்னிரண்டு மாதம், பிந்திய எட்டு மாதம் என இரண்டு காலத்துச் சம்பளச் சீட்டையும் எடைக் கணக்கையும் வக்கீல் தாக்கல் செய்திருக்கிறார். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைச் சாட்சியாகக் கூப்பிட மனு போட்டிருக்கிறார். வழக்கு ஊட்டியில் நடந்துகொண்டிருக்கிறது.

டாக்டர் சர்டிபிகேட் கையைப் பற்றிச் சொல்கிறது. எடைக் கணக்கு பிழைப்பைப் பற்றிச் சொல்கிறது. இரண்டாவதை யாரும் கேட்பதில்லை என்பதால் எங்கள் ஊரில் யாரும் கொடுப்பதும் இல்லை. சிறு விவசாயியின் தோட்டத்தில் அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு செக்ரோல் இருக்காது. அவர் கொழுந்து போடும் பாக்டரி ரசீதோ, கூலி கொடுத்தவரின் வாக்குமூலமோதான் வழி.

தோட்டத்து வண்டியிலேயே வேலைக்குப் போகும்போது அடிபட்டால் தொழிலாளர் இழப்பீடாகவும் கேட்கலாம். அங்கேயும் இரண்டில் ஒன்றுதான். அவசரப்பட்டு முதலில் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

முதல் சில நாட்கள்

அடிபட்டவரை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் 'எப்படி அடிபட்டது' என்று டாக்டர் கேட்டு எழுதுவார். அரசு ஆஸ்பத்திரியில் அதை ஏ.ஆர். காப்பி என்பார்கள். வலியில் "விழுந்துட்டேன்" என்று சொன்னால் அதுவே பதிவாகும். பிறகு கம்பெனி வக்கீல் கையில் அது பெரிய ஆயுதம். வண்டி எண், இடம், மோதிய விதம் இதையெல்லாம் கூட இருப்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். பணத்துக்கு பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், தொடங்கியபோது ரூ.1 லட்சம் வரை. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் ஏழு நாள் வரை ரூ.1.5 லட்சம்.

முதல் தகவல் அறிக்கை தாமதமானால் கேஸே போய்விட்டது என்று அர்த்தமில்லை, முதலில் உயிரைப் பார்ப்பதுதான் முறை என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காக மாதக் கணக்கில் தள்ளவும் கூடாது. ஓவேலிக்குள் என்றால் நியூஹோப் ஸ்டேஷன், வெளியே என்றால் அந்த எல்லை ஸ்டேஷன். 2022இல் வந்த விதிகளின்படி போலீஸ் 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு முதல் விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும், 90 நாளில் முழு அறிக்கை தர வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகள் என்ன என்ற படிவத்தையும் அவர் கையில் கொடுக்க வேண்டும். சித்திக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. நீங்கள் கேட்டு வாங்குங்கள். எதிர் வண்டி எந்தக் கம்பெனி பாலிசி, எதுவரை என்பதை எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டாலே பார்க்கலாம். இது நம்மைப் போன்ற பையன்கள் செய்து கொடுக்கக்கூடிய வேலை.

மனு போடக் கெடு ஆறு மாதம். 1994இல் எடுத்த கெடுவை 2019 திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள் என்பது வேறு விஷயம். அதை நம்பிச் சும்மா இருக்காமல் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவதே பத்திரம். கேரளாக் கார் இடித்தது என்பதற்காகக் கேரளாவுக்கு அலைய வேண்டியதில்லை. விபத்து நடந்த இடம், நாம் குடியிருக்கும் இடம் எதற்கு அதிகாரமுள்ள தீர்ப்பாயமோ அதிலேயே போடலாம். தொகைக்கு வட்டியும் உண்டு.

கையெழுத்துக்கு முன்

சித்தி வார்டில் இருந்த மூன்றாம் நாளே ஒருவர் பழங்களோடு வந்தார். வக்கீல் இல்லை, வக்கீலின் ஆள். "பத்தாயிரம் இப்பவே தர்றேன், இந்த நாலு இடத்துல கையெழுத்து மட்டும் போடுங்கம்மா, வர்றதுல பாதி பாதி" என்றார். சித்தப்பா, "எம் பொண்டாட்டி கைய வச்சு எதுக்குய்யா கையெழுத்துக் கேக்குற, அதுதான ஒடஞ்சு கெடக்கு" என்று அனுப்பிவிட்டார். எங்கள் ஊரில் இப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள் நிறைய. கிடைக்கும் தொகையில் பங்கு என்று வக்கீல் பேரம் பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. ஆகவே 'பாதி பாதி' என்ற பேச்சைக் கேட்டாலே எழுந்துவிடலாம்.

வக்கீலுக்குப் பணமில்லை என்பவருக்கு சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987ஆம் வருடச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி மக்கள், தொழிலாளர் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானச் சான்றுகூடத் தேவையில்லை. ஆக, கொழுந்து பறிக்கும் ஒவ்வொரு அம்மாவுக்கும் இந்த உரிமை இருக்கிறது. மாவட்ட ஆணைக்குழு ஊட்டி கோர்ட் வளாகத்தில் இருக்கிறது. சித்தியின் வக்கீலும் அப்படிக் கிடைத்தவர்தான்.

மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம் என்று நோட்டீஸ் வந்தால் போகலாம், சீக்கிரம் முடியும். ஆனால் அங்கே முடிந்தது முடிந்ததுதான், மேல் முறையீடு கிடையாது. ஆகவே போகும்போது மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் போட்டுக்கொண்டு போங்கள். கம்பெனி ஒரு தொகையைச் சொன்னால், "என்ன வயசு, என்ன வருமானம், எத்தனை சதவீதம் வச்சு இந்தத் தொகை வந்துச்சு சார்?" என்று கேளுங்கள். சித்திக்குப் போன முறை நோட்டீஸ் வந்தபோது நான் அந்தத் தாளோடுதான் போனேன். ஒரு தொகை சொன்னார்கள். சதவீதம் என்ன என்று கேட்டேன், பத்து என்றார்கள். சித்தி கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாய்தாவில் தோட்டத்து எடைப் புத்தகம் கோர்ட்டுக்கு வருகிறது.